நீர் நெருப்பை வெல்லுமா?

நீர் நெருப்பை அணைக்கும். நெருப்பு செடியை எரிக்கும். செடி நீரை உறிஞ்சும். இந்த மூன்று சிறு வாக்கியங்களின் மீது ஒரு பெரும் விளையாட்டு உலகமே கட்டப்பட்டிருக்கிறது என்று சொன்னால் பெரியவர்களுள் பலர் வியப்படைவர். ஆனால் நம் இல்லங்களிலுள்ள பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. எந்தப் பிராணி எந்தப் பிராணிக்கு அஞ்சும், எந்த அடி இரட்டிப்பாக விழும், எது சிறிதும் உறைக்காது என்பதையெல்லாம் வாய்ப்பாட்டைப் போல் ஒப்பிப்பார்கள்.

கவிதையை விமர்சிக்கிறோம், நாவலை விமர்சிக்கிறோம், திரைப்படத்தையும் விட்டுவைப்பதில்லை. ஆயினும் நம் பிள்ளைகள் நாள்தோறும் உலவிவரும் இந்தக் கதையுலகை மட்டும் விமர்சனத்திற்கு உரியதாகக் கருதுவதில்லை. ‘விளையாட்டுத்தானே’ என்று ஒதுக்குகிறோம். அல்லது கைப்பேசியைப் பிடுங்கி வைத்து நம் கடமை முடிந்ததென்று எண்ணிக்கொள்கிறோம். இவ்விரண்டும் விமர்சனம் ஆகா. பாத்திரமேற்று ஆடும் இவ்விளையாட்டுகளின் அடிப்படை விதி எது, அதன் தருக்கம் எத்தகையது, அது எங்கே நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்று ஆராய்வதே முறை. அந்த ஆராய்ச்சிக்குத் திருவள்ளூர் மாவட்டத்தையும், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையையும் உரைகல்லாகக் கொள்ள விரும்புகிறோம். நெருப்பும் நீரும் இரும்பும் மின்னலும் அங்கே படத்திலுள்ள பொம்மைகள் அல்ல. பல குடும்பங்களின் அன்றாடச் சோறு அவை.

விதி பிறந்த கதை

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். தாளும் பகடையும் கொண்டு, மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று ஆடும் விளையாட்டு அது. அதில் வரும் ‘டிரோல்’ என்னும் பூதத்தை வெட்டினால் வெட்டிய இடம் மீண்டும் வளர்ந்துவிடும். நெருப்பாலோ அமிலத்தாலோ சுட்டால் மட்டுமே வளராது. இங்கே பலவீனம் என்பது ஓர் இரகசியம். அதை அறிந்தவன் பிழைப்பான். அறியாதவன் வெட்டி வெட்டிக் களைத்துப்போவான். வலிமையைவிட அறிவு பெரிது என்னும் நல்ல கருத்து அந்த விதிக்குள் அடங்கியிருந்தது.

பின்னர் இவ்விளையாட்டுகள் கணிப்பொறிக்குள் புகுந்தன. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த ‘போக்கிமான்’ இந்த விதியை ஒரு முழு அட்டவணையாகவே ஆக்கியது. ஒவ்வொரு பிராணியும் ஒரு வகையையோ இரு வகைகளையோ சார்ந்தது. தொடக்கத்தில் வகைகள் 15. எதிர் வகையின் அடி இரு மடங்காக விழும். தாங்கும் வகையானால் பாதியாகக் குறையும். சில இணைகளில் ஒன்றுமே உறைக்காது. பிராணி இரு வகை கலந்ததாக இருந்து, இரண்டுமே ஓர் அடிக்கு அஞ்சுவனவாக இருந்தால், அந்த அடி நான்கு மடங்கு.

இவ்வாறு அமைத்ததற்குத் தக்க காரணம் உண்டு. ஒரே வகை எல்லாவற்றையும் வெல்லுமானால் எல்லாரும் அதையே தேர்வார்கள். விளையாட்டு அத்துடன் செத்துப்போகும். ஆகவே அரசனே இல்லாத ஒரு வட்டம் தேவைப்பட்டது. ஒன்று மற்றொன்றை வெல்ல, அது வேறொன்றை வெல்ல, கடைசியிலுள்ளது முதலாவதை வெல்லும். யாரும் நிரந்தர வெற்றியாளர் அல்லர். யாரும் நிரந்தரத் தோல்வியாளரும் அல்லர். இந்த நீதி அழகானது என்பதை மறுக்க மாட்டோம்.

இன்னொரு சிறப்பும் உண்டு. நீர் நெருப்பை அணைக்கும் என்பதைப் பிள்ளை விளையாட்டிற்குள் வந்து கற்க வேண்டியதில்லை. அடுப்பங்கரையில் கண்டதை உடன் எடுத்து வருகிறது. உலக அனுபவமே விதிப்புத்தகமாகிவிடுகிறது. ஆனால் அட்டவணை வளர வளர இந்த உறவு அறுந்துபோகிறது. பூச்சி வகை மனோசக்தி வகையை ஏன் வெல்ல வேண்டும்? டிராகனின் அடி டிராகனுக்கே ஏன் இரட்டிப்பாக விழ வேண்டும்? அனுபவம் இதற்கு விடை தராது. மனப்பாடந்தான் தர முடியும். நீர், நெருப்பு, செடி மூன்றும் உவமைகள். மற்றவற்றுள் பல வெறும் கணக்கு. உவமை எங்கே முடிந்து கணக்கு எங்கே தொடங்குகிறது என்று காட்டுவது விமர்சகன் வேலை.

அது கணக்கே என்பதற்கு விளையாட்டின் வரலாறே சாட்சி. முதல் பதிப்பில் மனோசக்தி வகை மிதமிஞ்சிய வலிமை பெற்றுவிட்டது. அதை அடக்க வேண்டிய ஆவி வகையின் அடி அதன்மேல் உறைக்கவேயில்லை. 1999இல் வந்த பதிப்பில் இருள், எஃகு என்னும் இரு வகைகளைச் சேர்த்து வட்டத்தைச் சரிசெய்தார்கள். 2013இல் தேவதை வகை வந்தது, ஆக 18. இயற்கையின் விதி இப்படித் திருத்தப் பதிப்புக் காண்பதில்லை.

உரைகல்லில் உரைத்தால்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னே இருக்கிறது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் உலைகளும், உருக்கியதைக் கம்பியாக இழுக்கும் ரோலிங் மில்களும் உண்டு. அவ்வுலை ஒன்றின் அருகே நின்று விளையாட்டின் முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்போம்: நீர் நெருப்பை வெல்லும்.

உலைத் தொழிலாளி இதைக் கேட்டால் திடுக்கிடுவார். இரும்பு உருகும் வெப்பம் ஏறத்தாழ 1,538 பாகை செல்சியஸ். அந்த உருகிய குழம்புக்குள் ஈரமான ஸ்கிராப் ஒரு துண்டு விழுந்தால், அல்லது இரு முனையும் மூடிய குழாய்க்குள் தேங்கிய சிறிதளவு நீர் உட்சென்றால், அந்த நீர் நொடிப்பொழுதில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்கிற்கும் மேலாக விரியும். விளைவு, வெடிப்பு, குழம்பு மழைபோல் தெறிக்கும். மழைக்காலத்தில் ஸ்கிராப்பை நனையாமல் காக்க வேண்டியது இதனால்தான். அங்கே நீர் நெருப்பை வெல்வதில்லை. நெருப்பின் கையில் ஆயுதமாகிறது.

உலை வேண்டாம், நம் வீட்டு அடுப்புக்கே வருவோம். வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் நீரை ஊற்றலாமா? கூடாது. நீர் எண்ணெயைவிடக் கனமானது. கீழே இறங்கிச் சட்டென்று ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே வீசும். அடுப்பை நிறுத்தி, தட்டை வைத்து மூடிக் காற்றைத் தடுப்பதே வழி. தீயணைப்புத் துறையினர் தீயையே பல வகையாகப் பிரித்துள்ளனர். மரமும் துணியும் எரிந்தால் நீர். எண்ணெய் எரிந்தால் நுரை. மின்னோட்டமுள்ள கருவி எரிந்தால் கரியமில வாயு. மெக்னீசியம் போன்ற உலோகம் எரிந்தால் தனி உலர்தூள். நெருப்பு ஒன்றல்ல, பல. ‘நெருப்பு வகை’ என்னும் ஒற்றைச் சொல்லில் அவ்வளவையும் அடக்கியது விளையாட்டின் முதல் வழுக்கல். இந்த வழுக்கலின் விலையை ஒரு பிள்ளையின் கையும் முகமும் கொடுக்கக்கூடும் என்பதால் இதைச் சிறு குற்றமென்று கருத நம்மால் இயலவில்லை.

அடுத்து, இரும்பைப் பார்ப்போம். போக்கிமான் அட்டவணையில் எஃகு வகை மிகப் பெரிய கோட்டை. நஞ்சு அதை ஒன்றும் செய்யாது; பறக்கும் வகையின் அடி பாதியாகும்; நீர் அதற்குத் தனிப் பகையன்று. பழவேற்காட்டு ஏரியின் மீதிருந்து உப்புக் காற்று வீசும் ஒரு வட்டாரத்தில் வாழ்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரும்பைத் தின்பது எது? நீரும் காற்றும் சேர்ந்த துரு; உப்பு அந்தத் தீனியை விரைவுபடுத்தும். தகரக் கூரையை, மிதிவண்டிச் சக்கரத்தை, படகின் ஆணியைத் தின்றது நெருப்பன்று. நீர் ஒன்று தனியாக, காற்று ஒன்று தனியாக அன்று. இரண்டும் சேர்ந்து, ஓசையின்றி, ஆண்டுக்கணக்கில் தின்றன. ஒரே அடியில் முடியும் போரை மட்டுமே அறிந்த அட்டவணையில் பொறுமையான பகைக்கு இடமில்லை.

மூன்றாவதாக, அத்திப்பட்டுக்குச் செல்வோம். 1990களில் அங்கே தொடங்கப்பட்ட வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதற் கட்டத்தில், ஒவ்வொன்றும் 210 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள். நிலக்கரியின் நெருப்பு நீரைக் கொதிக்க வைக்கிறது. நீராவி சுழலியைச் சுழற்றுகிறது. சுழலி மின்சாரத்தைத் தருகிறது. விளையாட்டில் நெருப்பும் நீரும் பகை, நீரும் மின்னலும் பகை. அத்திப்பட்டில் மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். விளையாடும் கைப்பேசிக்கு மின்னூட்டம் தருவதே இப்படிப்பட்ட நட்புத்தான் என்பதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

பழைய சீனர்கள் இதை அறிந்திருந்தார்கள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்திற்கும் அவர்கள் இரு வட்டங்கள் வரைந்தனர். ஒன்று அடக்கும் வட்டம்: நீர் நெருப்பை அடக்கும், நெருப்பு உலோகத்தை அடக்கும், உலோகம் மரத்தை அடக்கும், மரம் மண்ணை அடக்கும், மண் நீரை அடக்கும். மற்றொன்று பிறப்பிக்கும் வட்டம்: மரத்திலிருந்து நெருப்பு, நெருப்பிலிருந்து மண், மண்ணிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து நீர், நீரிலிருந்து மரம். நம் விளையாட்டுகளில் முதல் வட்டத்தின் சாயலைக் காண்கிறோம், இரண்டாவதைக் காணோம். பாதி உலகம் விடுபட்டுப் போயிற்று.

காப்பியமும் ஹக்கீமும்

‘போர்க் கதையில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். போர்க் கதை நமக்குப் புதிதன்று. 1686ஆம் ஆண்டின் சக்கூன் படைப்போர் முதலாகப் படைப்போர் என்னும் ஓர் இலக்கிய வகையையே வளர்த்தவர்கள் தமிழ் முஸ்லிம் புலவர்கள். தீக்கணைக்கு எதிரே நீர்க்கணை, நாகத்திற்கு எதிரே கருடன் என்னும் முறையும் பாரத, இராம கதைகளில் தமிழர் கேட்டுப் பழகியதுதான். கம்பனில் தோய்ந்து நூல்கள் பல எழுதிய நீதியரசர் மு.மு. இஸ்மாயில் (1921-2005) நம்மவர். ஆகவே அந்தக் காப்பியத்தைத் தொட்டுப் பேச நமக்கும் உரிமை உண்டு.

கம்பன் கதையில் இராவணன் வீழ்ந்தது எதனால்? பெரும் வரங்களைப் பெற்றவன், மனிதரை ஒரு பொருட்டாக மதியாமையால் அவர்களிடமிருந்து காப்பு வேண்டாது விட்டான். அந்த இடைவெளி வழியாகவே மரணம் நுழைந்தது. அவன் பலவீனம் அவனுடைய செருக்கின் நிழல். அதாவது, பலவீனம் குணத்திலிருந்து பிறந்தது. அட்டவணையிலோ பலவீனம் பிறப்பிலிருந்து வருகிறது. நெருப்பு வகையில் பிறந்த பிராணி எவ்வளவு அன்பானதாயினும், எவ்வளவு பயின்றதாயினும், நீருக்கு முன் அதன் தலைவிதி இரட்டிப்பு அடிதான். காப்பியத்திற்கும் கணக்கிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

விளையாட்டுகளிலும் சில இடங்களில் காப்பிய வாசனை அடிக்கிறது. ‘பைனல் பேண்டசி’ என்னும் தொடரின் பல பாகங்களில், செத்தும் சாகாமல் நடமாடும் பேய்களின் மீது நோய் தீர்க்கும் மருந்தைப் பிரயோகித்தால், அது அவற்றைக் காயப்படுத்தும். உயிருக்கு அமுதமானது உயிரற்ற உயிருக்கு நஞ்சு. இந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பாத்திரம் இன்னதென்று உணர்ந்தவுடனே விதியும் விளங்கிவிடுகிறது. இதைக் கலை என்று கூசாமல் சொல்லலாம்.

எதிரிடையானதைக் கொண்டு எதிரிடையானதைத் தீர்க்கும் தருக்கம் நம் யூனானி வைத்தியத்திலும் உண்டு. நெருப்பு, காற்று, நீர், மண் என்னும் நான்கும், சூடு, குளிர், ஈரம், வறட்சி என்னும் நான்கு தன்மைகளும் அதன் அடிப்படை. இப்னு ஸீனாவின் ‘கானூன்’ இக்கொள்கையை விரித்துரைத்த பெருநூல். சூடு மிகுந்த நோய்க்குக் குளிர்ச்சி தரும் மருந்து. அதுவே ‘இலாஜ் பிஸ்ஸித்’. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது போக்கிமான் அட்டவணை போலத் தோன்றும். இன்றைய மருத்துவ விஞ்ஞானம் இந்த நான்கு பூதக் கொள்கையை ஏற்பதில்லை. எனினும் அதன் நோக்கத்தைக் கவனியுங்கள். விளையாட்டில் எதிர்த்தன்மை வீழ்த்துவதற்கு. ஹக்கீமிடம் அது சமன் செய்வதற்கு. மேலும் ஹக்கீம் முதலில் நாடியைப் பிடித்து, இந்த ஒரு மனிதரின் மிஸாஜ் யாது என்று கேட்கிறார். அட்டவணை ஒருபோதும் நாடி பிடிப்பதில்லை.

நெருப்பும் பஞ்சும்

இங்கே நம் முன்னோரின் ஒரு விவாதம் நினைவுக்கு வருகிறது. பஞ்சில் நெருப்புப் பட்டால் பஞ்சு எரிகிறது. இமாம் கஸ்ஸாலி (1058-1111) இதை எடுத்துக்கொண்டு, நாம் காண்பது இரண்டும் அடுத்தடுத்து நிகழ்வதை மட்டுமே. அவற்றுக்கிடையே விலக்க முடியாத கட்டாயம் இருப்பதை நாம் காணவில்லை. எரிய வைப்பது படைத்தவனின் நாட்டம் என்று வாதிட்டார். இப்னு ருஷ்து (1126-1198) மறுத்தார். பொருள்களுக்கு உரிய இயல்புகள் உண்டு. அவற்றை மறுத்தால் அறிவு என்பதற்கே அடிப்படை இல்லாமற் போகும் என்பது அவர் வாதம்.

விளையாட்டு உலகில் நெருப்பு செடியை எரிப்பது, அதை இயற்றியவர் அப்படி எழுதியதால் மட்டுமே. 1999இல் செய்தது போல் நாளையும் அவர் மாற்றி எழுதலாம். உலைக்கூடத்தில் நிற்பவரோ நெருப்பின் இயல்பு நாளையும் மாறாது என்னும் உறுதியின் மேல்தான் ஒவ்வோர் அடியும் வைக்கிறார். கஸ்ஸாலியும் நெருப்பில் கை வைக்கும்படி யாருக்கும் சொன்னவர் அல்லர். எழுதப்பட்ட விதிக்கும் உள்ளபடியான இயல்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பிள்ளை உணர்ந்துவிட்டால், அட்டவணையால் அதற்குத் தீங்கில்லை. உணராவிட்டால், விளையாட்டின் விதியை அடுப்பங்கரைக்கும் தெருவுக்கும் எடுத்துச் செல்லும்.

தெருவுக்கு எடுத்துச் செல்வதைத்தான் நாம் மிகவும் அஞ்சுகிறோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைப்போர் பலர். ‘அந்த ஊர்க்காரன் இப்படித்தான்’, ‘இந்தச் சாதி இப்படித்தான்’, ‘துலுக்கர் இப்படித்தான்’ என்று பேசுவோர் கையிலும் ஓர் அட்டவணை இருக்கிறது. வகையைச் சொல், குணம் தெரியும். குணத்தைச் சொல், எங்கே அடித்தால் வலிக்கும் என்பது தெரியும். அந்த அட்டவணையால் அடிபட்ட சமுதாயம் நாம். நம் பிள்ளைகள் அதே கணக்கை வேறொருவர் மேல் போடக் கூடாது.

மூலப்பொருளைக் கொண்டு தகுதியை அளந்த முதல்வன் யார் என்பதைத் திருமறை ஓதும் வீட்டாருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. தான் நெருப்பிலிருந்து வந்தவன், ஆதம் (அலை) அவர்கள் களிமண்ணிலிருந்து வந்தவர் என்பதையே காரணமாகக் காட்டித் தலைவணங்க மறுத்தவன் இப்லீஸ். அவன் சொன்ன செய்தி பொய்யன்று. செய்தியிலிருந்து அவன் எடுத்த முடிவே பொய். வகை உண்மையாக இருக்கலாம். வகையிலிருந்து உயர்வையும் தாழ்வையும் வடிப்பது உண்மையாகாது. நபி இப்ராஹீம் (அலை) அவர்களுக்காக நெருப்புக் குளிர்ந்தபோதும் அதை நீர் வந்து வெல்லவில்லை. நெருப்பாகவே இருந்து அது கட்டளைக்குப் பணிந்தது.

முடிவுரை

தீர்ப்பைத் தொகுப்போம். விளையாட்டின் விதி என்ற அளவில் பூத பலவீனம் திறமையான அமைப்பு. யாரும் நிரந்தர அரசரல்லர் என்று அது கற்பிக்கிறது. பொருள்களைப் பற்றிய அறிவு என்ற அளவில் அது பாதி உண்மை. உலைக்கும் துருவுக்கும் அனல்மின் நிலையத்திற்கும் முன் அது நிற்காது. மனிதரைப் பற்றிய அறிவு என்ற அளவில் அது முழுப் பிழை.

இத்துறையிலேயே இதைவிட மேலான முயற்சிகள் தோன்றியுள்ளன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2014இல் வெளிவந்த ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின்’ என்னும் விளையாட்டில் மழை தீயை அணைக்கும், அதே மழையின் தேங்கல் மின்னலைக் கடத்தி, நிற்பவர் எல்லாரையும் தாக்கும், சிந்திய எண்ணெய் தீப்பற்றிப் பரவும். 2020இல் சீனத்திலிருந்து வந்த ‘கென்ஷின் இம்பேக்ட்’ ஏழு பூதங்களை வைத்து, ஒன்று மற்றொன்றுடன் சேர்ந்தால் என்ன விளையும் என்று கேட்கிறது: நீரும் நெருப்பும் சேர்ந்தால் ஆவி, நீரும் பனியும் சேர்ந்தால் உறைவு. ‘யார் யாரை வெல்வார்’ என்ற கேள்வி ‘சேர்ந்தால் என்ன ஆகும்’ என்று மாறியிருப்பது முன்னேற்றமே. இவையும் விளையாட்டுகளே; எனினும் இவற்றை ஆடுபவன் அட்டவணையைப் பார்ப்பதை விட்டுச் சூழ்நிலையைப் பார்க்கப் பழகுகிறான்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் அருகில் கால் மணி நேரம் அமருங்கள். ‘எது எதை வெல்லும்?’ என்று அது பெருமையுடன் சொல்லும்போது, ‘ஏன்?’ என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைத்தால், ‘எப்போதுமா?’ என்று கேளுங்கள். எண்ணெய்த் தீயைப் பற்றிச் சொல்லுங்கள். வாசற்கதவின் துருவைத் தொட்டுக் காட்டுங்கள். உலையில் வேலை செய்யும் உறவினர் எவரேனும் இருந்தால் அவரைப் பேச வையுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை ஒருவன் ஒரு மனிதக் கூட்டத்தையே சுட்டி ‘அவர்கள் இப்படித்தான்’ என்று சொல்லும்போதும் அதே கேள்விகளைக் கேட்கும்.